பாதசாரிகள் கடக்கும் இடத்தில் நிறுத்திய வண்டியை எப்போது எடுக்கலாம்? நீலகிரி ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

பழகுநர் உரிமத் தேர்வில் நெடுங்காலமாக வரும் கேள்வி ஒன்று உண்டு. பாதசாரிகள் கடக்கும் இடத்தை நெருங்குகிறீர்கள், அங்கே மக்கள் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துவிட்டுச் செல்வது, வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துக் கடந்து போவது, வண்டியை நிறுத்தி அவர்கள் கடந்த பிறகு செல்வது என மூன்று விடைகள் தரப்பட்டிருக்கும். உதகையில் ஓட்டுநர் பயிற்சி அளித்துவரும் எனக்குத் தெரிந்து, மூன்றாவது விடையைத் தவறவிட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் உரிமம் கைக்கு வந்த மறுவாரமே சேரிங்கிராஸ் பக்கம் முதல் விடையின்படி ஓட்டிச் செல்வோரில் என்னிடம் பயின்றவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தத் தெரிகிறது, நிறுத்திய பின் எப்போது எடுப்பது என்பதில்தான் குழப்பம் என்று அவர்கள் சொல்கிறார்கள். “கடந்த பிறகு” என்பதிலுள்ள அந்தப் “பிறகு” எந்தக் கணத்தில் வருகிறது என்பது பற்றி வகுப்பிலும் வண்டியிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 118-ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே இன்று நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. 1989-ஆம் ஆண்டின் பழைய சாலை விதிகளுக்குப் பதிலாக வந்தவை அவை. சிக்னலோ காவலரோ இல்லாத கிராசிங்கை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, நடந்து வருவோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்பதற்கோ, நமக்கு அவசரம் என்பதற்கோ இதில் விலக்கு கிடையாது. மத்திய அரசின் விதி என்பதால் கூடலூரைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் கர்நாடகத்துக்குள் போனாலும் இதுவேதான்.

அப்படியானால் நின்ற வண்டியை எந்தக் கணத்தில் எடுக்கலாம்?

வழிவிட வேண்டும் என்று சொல்லும் சட்டம் அதற்கு அடிக்கணக்கு எதையும் வகுத்துத் தரவில்லை. ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் அளவுகோலைச் சொல்கிறேன். நடுத்தடுப்பு இல்லாத சாலையில், கடப்பவரின் கால் எதிர் ஓரத்தை மிதித்த பிறகு எடுக்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள சாலையில், உங்கள் பக்கத்திலிருந்து போகிறவர் தடுப்பின் மேல் ஏறிய பிறகு, அங்கிருந்து உங்கள் பக்கம் இறங்க யாரும் முனையவில்லை என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். உங்கள் பானெட்டைத் தாண்டிவிட்டார் என்பது மட்டும் போதாது.

ஏன் போதாது என்றால், மலைச்சாலையில் கடப்பவர் திரும்பி வருவதுண்டு. பூங்காச் சாலையில் ஒரு மாலை வேளையில் நான் கண்ட காட்சி இது. குடை பிடித்த ஒரு மூதாட்டி, தன் பக்கத்துக் கார் நின்றதைப் பார்த்துவிட்டு நடுச்சாலை வரை சென்றார். எதிர்த் திசையில் வந்த மினி பஸ் நிற்கும் என்று நம்பினார், அது நிற்கவில்லை. அவர் சட்டென்று இரண்டு எட்டுப் பின்வாங்கிய அதே நேரத்தில், நின்றிருந்த கார் அவருக்குப் பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. அவருடைய குடையின் கம்பி அந்தக் காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டி வளைந்ததோடு போயிற்று. கார்க்காரர் தன் பங்குக்கு நிறுத்தினார், வழியும் விட்டார். ஆனால் “பிறகு” வருவதற்குள் எடுத்துவிட்டார். கைப்பிடியை உதறும் குழந்தை, கழன்ற செருப்பு, அம்மாவுக்குப் பின்னால் தாமதமாக ஓடிவரும் தம்பி என்று திரும்பி வருவதற்குக் காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன.

இதற்கு ஆகும் நேரத்தையும் பார்த்துவிடலாம். இருவழிச் சாலையின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதை ஆறு விநாடிகளில் கடப்பார், விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு ஒன்பது விநாடிகள் ஆகும். பானெட்டைத் தாண்டியதும் எடுப்பவர் மிச்சம் பிடிப்பது மூன்று அல்லது நான்கு விநாடிகளைத்தான்.

எடுக்கும்போது முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூண் ஒரு முழு ஆளையே மறைக்கும் என்பதால், தலையைச் சற்று முன்னே நீட்டி இரு பக்கமும் பார்த்த பின், கடக்கும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் பட்டையின் மேல் நடைவேகத்தில் மட்டும் செல்ல வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர் கடக்கப் போகிறாரா, பஸ்ஸுக்கு நிற்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் வேகத்தைக் குறைப்பது நிறுத்துவதற்கு முந்தைய கடமையாக வைக்கப்பட்டிருக்கிறது. வரும் வண்டிகளை நோக்கி முகம் திருப்பி, ஒரு காலை முன்வைத்து நிற்பவர் கடக்கப் போகிறவர். மலையில் குளிருக்குக் குல்லாயும் மப்ளரும் போட்டவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வையும் காதும் பாதிதான் வேலை செய்யும் என்பதை நினைவில் வைத்து, அவர் நம்மைப் பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வெள்ளைக் கோலுடன் ஒருவர் நின்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, நிறுத்திவிடுங்கள். பஸ்ஸுக்கு நின்றவருக்காக நிறுத்திவிட்டால் ஐந்து விநாடிகள் போகும், அவ்வளவே.

சிக்னலில் எனக்குப் பச்சை விழுந்துவிட்டது, ஆனால் இன்னும் சிலர் பட்டையின் மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். போகலாமா?

போகக் கூடாது. நம் ஓட்டுநர்கள் சிக்னலை அதிகம் சந்திப்பது மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கும்போதுதான் என்பதால், பச்சை விளக்கை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சந்திப்பு காலியாக இருந்தால் நுழையலாம் என்ற அனுமதிதான் பச்சை. தன் முறை முடிவதற்குள் இறங்கி, நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் கரை சேரும் வரை அந்த அனுமதி உங்களுக்குப் பயன்படாது. அவர் சிவப்பில் இறங்கியிருந்தாலும் நிலைமை மாறாது. தவறு அவருடையது என்பது வழக்கில் வாதமாகலாம். கண்ணெதிரே தெரிந்த ஆளை நோக்கி வண்டியைச் செலுத்துவதற்கு அது நியாயமாகாது.

இடது பக்கம் திரும்புகிறேன், ஃப்ரீ லெஃப்ட் இருக்கிறது. அப்போதும் நிற்க வேண்டுமா?

சிவப்பு விளக்கில் இடப்புறம் திரும்புவதற்கு அங்கே பலகையோ அம்பு விளக்கோ அனுமதி தந்திருக்க வேண்டும். எல்லாச் சந்திப்பிலும் இடப்புறம் தானாகவே திறந்திருக்கிறது என்பது தவறான நம்பிக்கை. அனுமதி உள்ள இடத்திலும், நீங்கள் திரும்பி நுழையப் போகும் சாலையைக் கடப்பவர்கள் போய் முடியும் வரை நிற்க வேண்டும். மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேகம் குறைத்து எச்சரிக்கையுடன் செல்லலாம்; சிவப்பு சிமிட்டினால் முழுமையாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் செல்லலாம்.

காவலர் கைகாட்டி “வா” என்கிறார், ஆனால் ஆள் கடந்துகொண்டிருக்கிறார் என்றால்?

சீருடைக் காவலரின் சைகை விளக்குக்கும் மேலானது. ஆயினும் அவர் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் பம்பருக்கு முன்னால் இருக்கும் சிறு பிள்ளை தெரியாமல் போகலாம். தலையசைத்துக் காட்டுங்கள், பிள்ளை கடக்கட்டும், பிறகு எடுங்கள். அதற்காக எந்தக் காவலரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றிருக்கிறது. வலப்புறமாக முந்திச் செல்லலாமா?

கிராசிங்கின் முன் நிற்கும் வண்டி காரணமில்லாமல் நிற்பதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றை மறந்தாலும் எனக்குச் சம்மதமே.

ஜூலை மாதச் சாரலில் ஒரு மாணவருடன் போய்க்கொண்டிருந்தேன். கேரட் மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டிய பிக்கப் ஒன்று பட்டைக்கு முன்னால் நின்றிருந்தது. மூட்டைகளின் உயரத்தில் அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மாணவர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, புத்தகத்தில் உள்ளபடி வலப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அதை அழுத்தினேன். பிக்கப்பின் முகப்புக்கு மறுபுறத்திலிருந்து, நீல நிற மழைக்கோட்டில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் வெளிப்பட்டார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை, தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதிலேயே அவர்கள் கவனம் இருந்தது. மாணவர் செய்த ஒவ்வொன்றும் முந்துவதற்கான சரியான முறை. முந்தக் கூடாத இடத்தில் செய்தார் என்பது மட்டுமே பிழை.

நின்ற வண்டிக்குப் பின்னால் நீங்களும் நில்லுங்கள். அது நகர்ந்த பின், அது நின்ற இடத்தில் நீங்கள் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டே நகர வேண்டும். இரு சக்கர வாகனக்காரர்களுக்கும் இது பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இடுக்கு கிடைத்தால் நுழைவது அவர்கள் உரிமை என்று நம்மூரில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளுமே?

இந்தப் பயம்தான் மலையில் பலரை நிற்க விடாமல் செய்கிறது, நின்றாலும் ஆள் கடந்து முடிவதற்குள் எடுக்க வைக்கிறது. எனக்கும் இருந்தது. உரிமம் வாங்கிய புதிதில் குன்னூரில் ஓர் ஏற்றத்தில் இருவர் கடப்பதற்காக நிறுத்தினேன். காலாலேயே பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றுவதற்குள் வண்டி பின்னால் போய், ஒட்டி நின்ற ஜீப்பின் பம்பரைத் தட்டியது. ஜீப் ஓட்டியவர் இறங்கிவந்து திட்டவில்லை, “ஹேண்ட் பிரேக் எதுக்குப்பா வச்சிருக்கான்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டதுதான் விடை. நின்றதும் ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாகப் போட்டு, முதல் கியரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எதிர் ஓரம் சேரும் வரை கிளட்சை முழுதாக மிதித்திருங்கள், அல்லது நேரமாகும் என்று தெரிந்தால் நியூட்ரலுக்கு வாருங்கள். வழி தெளிவானதும் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விட்டால், என்ஜின் சத்தம் கனக்கும், பானெட் சற்றே நிமிரும். வண்டி பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஓர் அங்குலமும் பின்னால் போகாது. பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவதைச் சிலர் திறமையாகக் காட்டுவார்கள். கிளட்ச் தட்டு கருகும் வாடை வருவதைத் தவிர அதில் பலன் இல்லை, கால் சற்று வழுக்கினால் வண்டி கடப்பவரின் மேல் பாயும். பட்டையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நின்றால் கடப்பவருக்கும் அச்சம் இருக்காது. முன்னால் நிற்கும் வண்டிக்கும் அதே இடைவெளியை விடுங்கள், அவர் ஹேண்ட் பிரேக் போடாதவராக இருக்கலாம்.

மலையில் ஏறும் வண்டிக்குத்தானே முன்னுரிமை?

இறங்கும் வண்டியிடமிருந்து மட்டுமே அந்த முன்னுரிமை. இரு வண்டிகள் சேர்ந்து செல்ல அகலமில்லாத மலைச்சாலையில் இறங்குவது ஏறுவதற்கு வழிவிட வேண்டும் என்பது அந்த விதி. நடந்து கடப்பவரிடம் அதைக் காட்ட முடியாது.

இறக்கத்தில் எவ்வளவு முன்பே தயாராக வேண்டும்?

சமவெளியில் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆளைக் கண்டு கால் பிரேக்கை அடைய ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். நனைந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு உலர்ந்த சாலையில் இருப்பதில் ஏறத்தாழ பாதியே என்றும், 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவு என்றும் வைத்துக் கணக்கிட்டால், பிரேக் பிடித்த பின் இன்னும் 11 மீட்டர் வேண்டும். ஆக, நிற்பதற்கு ஏறக்குறைய 20 மீட்டர். அதே சரிவில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 30 மீட்டரைத் தாண்டிவிடும். வளைவு முடிந்ததும் கிராசிங் வருகிற இடங்களில் அவ்வளவு தூரத்துக்குச் சாலை கண்ணுக்கே தெரியாது.

எனவே எச்சரிக்கைப் பலகையைக் கண்டவுடனேயே இரண்டாம் கியருக்கு மாற்றி, என்ஜினின் பிடிப்பில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவரிடம், கடக்க ஒருவர் கால் வைக்கும் கணத்தில், தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக்கைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது. பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் பிரேக்கை முன்கூட்டியே இரண்டு முறை லேசாகத் தொட்டு, நிற்கப் போவதைப் பின்விளக்கால் தெரிவியுங்கள்.

மூடுபனியில் பட்டையே தெரியவில்லை என்றால்?

பட்டை தெரியாத வேகத்தில் போகிறீர்கள் என்று பொருள். ஹை பீமைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும். லோ பீமும், இருந்தால் பனிவிளக்கும் போதும். நான்கு பக்க எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கம் மலையில் பரவலாக இருக்கிறது. நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்பதைப் பின்னால் வருபவரிடமிருந்து அது மறைத்துவிடும். நின்ற பிறகு ஜன்னல் கண்ணாடியைச் சற்று இறக்கி, நடப்பவர்களின் பேச்சுச் சத்தம் ஓய்ந்ததா என்று கேட்டுவிட்டு எடுப்பது என் வழக்கம்.

சீசன் நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. பட்டையின் மேலேயே நிற்க நேர்ந்தால் தவறா?

தவறுதான். மேற்கொண்டு நகர முடியாமல் கிராசிங்கை அடைத்துக்கொண்டு நிற்க நேரும் என்று தெரிந்தால் அதன் மேல் வண்டியை ஏற்றவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் தனியாகவே சொல்கின்றன. மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் வண்டிகளின் இடுக்கில் புகுந்து கடப்பதற்குப் பாதிக் காரணம், பட்டையை நாம் அடைத்துக்கொள்வதே. பட்டைக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுவதும் அடங்கும் அளவுக்கு இடம் விழும் வரை இந்தப் பக்கமே காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

கடப்பவரைச் சீக்கிரம் போகச் சொல்லி ஹாரன் அடிக்கலாமா? கையசைத்துக் கூப்பிடலாமா?

தேவையின்றி ஹாரன் அடிப்பது 194-எஃப் பிரிவின்படி முதல் முறைக்கு 1,000 ரூபாயும், மறுமுறைக்கு 2,000 ரூபாயும் அபராதத்துக்குரிய குற்றம். முதியவர் ஹாரனுக்குப் பதறி நின்றுவிடுவார், அல்லது ஓடி விழுவார். கையசைத்து “போங்க, போங்க” என்பது மரியாதையாகத் தோன்றினாலும் அதையும் நான் விலக்கச் சொல்வேன். உங்கள் கையை நம்பி இறங்குபவர் எதிர்ப்பக்கம் பார்ப்பதை விட்டுவிடுகிறார், அங்கே வருபவர் நிற்பார் என்று நீங்கள் பொறுப்பேற்க முடியாது. முழுமையாக நின்றுவிட்டால் அதுவே போதுமான சைகை.

கோடு அழிந்துபோன இடத்திலும், கோடே போடாத இடத்திலும் என்ன செய்வது?

மழையும் மண்சரிவும் மாறி மாறி வரும் ஊரில் வெள்ளைக் கோடு நெடுநாள் தங்குவதில்லை. பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், சந்தை முகப்பு, தேயிலைத் தொழிற்சாலை வாசல் போன்ற இடங்களில் கோடு இருப்பதாகவே எண்ணி ஓட்டுங்கள். நம் சாலைகள் பலவற்றில் ஒரு புறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். நடைபாதைக்கு இடமில்லாததால் நடப்பவர் தார்ச்சாலையிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. நடைபாதை இருக்கும் இடத்தில் அதன் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கும் இது சேர்த்துத்தான்.

ஆட்கள் கடக்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்?

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாததற்கு 194-இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதால் பலர் பதறி முன்னே பாய்கிறார்கள். பட்டையின் மேல் இருப்பவர் ஓரம் சேரட்டும். பிறகு பட்டையைத் தாண்டி இடப்புறம் ஒதுங்குங்கள். சைரன் கேட்டுக் கடப்பவர்களே விரைந்து ஒதுங்கிவிடுவார்கள்.

வழிவிடாமல் சென்றால் என்ன தண்டனை?

118-ஆம் பிரிவின் கீழான ஒழுங்குமுறைகளை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 177-ஏ பிரிவின்படி 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது 184-ஆம் பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டுவதில் சேரும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காட்டெருமை கடந்தால்?

கோத்தகிரிப் பக்கம் இதைக் கேட்காத மாணவரே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைத் தாழ்த்தி, தள்ளி நில்லுங்கள். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று தேயிலைச் செடிகளுக்குள் நிற்கும்.

மெதுவாக எடுத்தபோதே ஒருவர் மேல் பட்டுவிட்டது; அடியில்லை என்று அவரே சொல்கிறார். கிளம்பலாமா?

கிளம்பக் கூடாது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. குளிரில் விறைத்த உடம்புக்கும் பதற்றத்தில் இருப்பவருக்கும் வலி உடனே தெரியாது. வண்டியை ஓரங்கட்டி, அவரை உட்கார வைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே உங்கள் பயணத்தைத் தொடருங்கள்.